முதல் பேரடைகளும் விண்மீன் கொத்துகளின் பிறப்பும்: ஓர் எளிய விளக்கம்

தமிழில் வானியல் செய்திகள் எழுதப்படும்போது "நட்சத்திரக் கூட்டம்" என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. விருச்சிகம், சிம்மம் என்று நாம் கோடு போட்டு உருவம் காணும் விண்மீன்களையும் அப்படிச் சொல்கிறோம். கார்த்திகையைப் போல உண்மையிலேயே ஒரே இடத்தில் சேர்ந்து பிறந்தவற்றையும் அப்படிச் சொல்கிறோம். பல்லாயிரம் கோடி விண்மீன்கள் அடங்கிய பால்வெளியையும் அதே சொல்லால் குறிக்கிறோம். இதனால் "1300 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நட்சத்திரக் கூட்டம் கண்டுபிடிப்பு" என்ற தலைப்பைப் படிப்பவருக்கு, கண்டது ஒரு பெருநகரமா, அந்நகரில் உள்ள ஒரு தெருவா என்பதே தெரியாமல் போகிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022 முதல் அனுப்பிவரும் படங்களில் மிக முக்கியமான செய்தி, நகரத்துக்குள் தெருவையே தனித்துப் பார்க்க முடிந்தது என்பதுதான். அதைப் புரிந்துகொள்ளச் சொற்களை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இக்கட்டுரையில் பேரடை என்பது கேலக்ஸியைக் குறிக்கும். கோடிக்கணக்கான விண்மீன்களும், வாயுவும், தூசும், கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளும் ஈர்ப்பு விசையால் பிணைந்து நிற்கும் பெரும் அமைப்பு அது. விண்மீன் கொத்து என்பது ஒரு பேரடைக்குள், ஒரே வாயு முகிலிலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்த விண்மீன்களின் தொகுப்பு.

கொத்துகளில் இருவகை உண்டு, இரண்டையும் நம் வானத்திலேயே காணலாம். கார்த்திகை முதல் வகை. சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் தளர்வாகச் சேர்ந்திருக்கும் இளங்கொத்து அது. வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். இன்னும் சில பத்துக் கோடி ஆண்டுகளில் அது கலைந்துவிடும். இரண்டாம் வகையைப் பார்க்க, விருச்சிகத்தின் நடுவே சிவந்து ஒளிரும் கேட்டைக்குப் பக்கத்தில் பைனாகுலரைத் திருப்ப வேண்டும். அங்கே பஞ்சுத் துணுக்கைப் போல் மங்கலாக ஓர் ஒளி தெரியும். எம்4 என்று பெயரிடப்பட்டுள்ள அது, சுமார் 6,000 ஒளியாண்டுத் தொலைவில், பந்து போல் நெருங்கித் திரண்ட கோளக் கொத்து. அதன் வயது 1200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பால்வெளியில் இத்தகைய கோளக் கொத்துகள் 150க்கும் அதிகமாக உள்ளன, அவற்றில் பெரும்பாலானவை இதே போன்ற முதுமையுடையவை.

பேரண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். அப்படியானால் கோளக் கொத்துகள் அதன் குழந்தைப் பருவத்திலேயே பிறந்திருக்க வேண்டும். எங்கே, எந்தச் சூழலில் பிறந்தன, ஏன் அவை மட்டும் கலையவில்லை என்ற கேள்விகளுக்கு, முதியவர்களின் முகத்தை மட்டும் பார்த்து விடை சொல்வது கடினம்.

பழைய ஒளியைப் பார்ப்பது என்றால் என்ன?

கோயில் திருவிழாவில் வாணவேடிக்கையை ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு, வெளிச்சம் தெரிந்து சுமார் 3 வினாடிகள் கழித்தே வெடிச்சத்தம் கேட்கும். நாம் கேட்கும் சத்தம் 3 வினாடிப் பழையது. ஒலிக்கு உள்ள இந்தத் தாமதம் ஒளிக்கும் உண்டு. ஒளி மிக வேகமானது என்பதால் ஊர்த் தொலைவில் அது நமக்குத் தெரிவதில்லை. சூரிய ஒளி நம்மை அடைய 8 நிமிடங்களுக்குச் சற்று அதிகம் ஆகிறது. ஆந்திரமேடா என்னும் அண்டைப் பேரடையிலிருந்து வரும் ஒளிக்கு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவே ஓர் ஒளியாண்டு. அது ஏறத்தாழ 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர்.

ஆகவே தொலைநோக்கி "கடந்த காலத்துக்குப் பயணம் செய்கிறது" என்று எழுதுவது சரியன்று. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. நெடுந்தொலைவிலிருந்து நெடுங்காலம் பயணம் செய்து இன்று வந்து சேர்ந்த ஒளியை அது பெற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த ஒளி புறப்பட்டபோது பேரடை எப்படி இருந்ததோ அப்படியே படத்தில் தெரியும். இன்று அது என்னவாயிற்று என்பதைப் படம் சொல்லாது.

இதிலிருந்து எழும் இன்னொரு தவறான புரிதலையும் இங்கேயே களைந்துவிடலாம். ஒரு பேரடையைப் பல கோடி ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து அதன் வளர்ச்சியை யாரும் பார்ப்பதில்லை. பேருந்து நிலையத்தில் ஒரு நிமிடம் நிற்பவர், கைக்குழந்தை, பள்ளி மாணவன், நடுவயதினர், முதியவர் என எல்லாப் பருவத்தினரையும் காண்கிறார்; யாரும் அவர் கண்முன் வளரவில்லை, ஆயினும் மனிதன் எப்படி வளர்கிறான் என்பதை அவரால் ஊகிக்க முடிகிறது. தொலைவுக்கேற்ப வெவ்வேறு காலத்துப் பேரடைகளைப் பார்த்து வானியலாளர்கள் செய்வதும் இதையே.

நீண்டுபோன ஒளி

ஒளி வரும் வழியில் அதற்கு ஒரு மாற்றம் நேர்கிறது. எலாஸ்டிக் நாடா ஒன்றில் மையால் சிறு அலைகளை வரைந்து, நாடாவை இழுத்துப் பாருங்கள். அலைகளுக்கு இடையிலான தூரம் கூடும். பேரண்டம் விரிவடைந்துகொண்டே இருப்பதால், அதனூடே பயணம் செய்யும் ஒளியின் அலைநீளமும் அவ்வாறே நீள்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நீளமான அலை சிவப்பு என்பதால், இந்த நீட்சிக்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். செம்பெயர்ச்சி 10 என்றால் ஒளியின் அலைநீளம் 11 மடங்காகிவிட்டது என்று பொருள். அப்போது, இளம் விண்மீன்கள் வெளியிட்ட புற ஊதா ஒளி நம்மிடம் வந்து சேரும்போது, சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியாக மாறியிருக்கும்.

வெப் தொலைநோக்கி அகச்சிவப்புக்காகவே கட்டப்பட்டதன் காரணம் இதுதான். சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பை உமிழும். தொலைநோக்கியே சூடாக இருந்தால் அதன் சொந்த ஒளியே அதன் கண்ணை மறைக்கும். எனவே 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட அத்தொலைநோக்கி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஐந்து அடுக்குத் திரையின் நிழலில், ஏறத்தாழ மைனஸ் 230 டிகிரி செல்சியஸ் குளிரில் இயங்குகிறது. அதன் 6.5 மீட்டர் ஆடி, பொன்முலாம் பூசிய 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது.

விரிவடைதலால் தொலைவைப் பற்றிய பேச்சிலும் குழப்பம் வருகிறது. ஒளி 1330 கோடி ஆண்டுகள் பயணம் செய்தது என்றால், பேரடை இன்று 1330 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது என்று பொருளல்ல. இழுபடும் நாடாவின் மேல் நடந்துவரும் எறும்பு நம்மை அடைவதற்குள், அது புறப்பட்ட இடம் வெகுதூரம் விலகிப் போயிருக்கும். அத்தகைய பேரடை இன்று 3000 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. இதனால்தான் "இத்தனை ஒளியாண்டுத் தொலைவில்" என்பதைவிட, "பெருவெடிப்புக்குப் பின் இத்தனை ஆண்டுகள் ஆனபோது" என்று சொல்வதையே நான் விரும்புகிறேன். அதில் தவறு நேர வாய்ப்புக் குறைவு. (பெருவெடிப்பு என்பது பேரண்டம் விரிவடையத் தொடங்கிய தருணம்.)

சுருங்கச் சொன்னால்: நாம் பெறும் ஒளி பழையது, நீண்டது; எவ்வளவு நீண்டுள்ளது என்பதை அளந்தால், அது எந்தக் காலத்தில் புறப்பட்டது என்பது தெரியும்.

சல்லடையும் நிறமாலையும்

நீட்சியை எப்படி அளப்பது? முதல் வழி, சல்லடை போட்டுப் பார்ப்பது. பேரண்டத்தின் தொடக்கத்தில் பேரடைகளுக்கு இடையே நிறைந்திருந்த ஹைட்ரஜன், 121.6 நானோமீட்டரைவிடக் குறுகிய அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிட்டது. எனவே மிகத் தொலைவான ஒரு பேரடையின் ஒளியில், குறிப்பிட்ட அலைநீளத்துக்குக் கீழே எதுவுமே இருக்காது. செம்பெயர்ச்சி 10 எனில் அந்த எல்லை 1.34 மைக்ரோமீட்டருக்கு நகர்ந்திருக்கும். வெவ்வேறு வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்களை வரிசையாக வைத்தால், நீண்ட அலைகளின் படங்களில் தெரியும் பேரடை, ஒரு கட்டத்துக்குப் பின் குறுகிய அலைகளின் படங்களில் திடீரென மறைந்துவிடும். மறையும் இடமே அதன் காலத்தைச் சொல்லும்.

இவ்வழி விரைவானது, ஆனால் ஏமாற்றக்கூடியது. தூசு நிறைந்த, அவ்வளவு தொலைவில் இல்லாத பேரடையும் இதே போல் நடிக்க முடியும். 2022 இல் செம்பெயர்ச்சி 16 என்று பரபரப்பாகப் பேசப்பட்ட ஒரு பேரடை, பின்னர் நிறமாலை எடுத்துப் பார்த்தபோது 4.9 மட்டுமே என்று தெரியவந்தது. நிறமாலை என்பது ஒளியை அதன் அலைநீளங்களாகப் பிரித்து விரித்த பட்டை. ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற தனிமங்களின் அடையாளக் கோடுகள் அதில் தெரியும். அக்கோடுகள் எவ்வளவு நகர்ந்துள்ளன என்பதே உறுதியான சான்று. செய்தியில் "கண்டுபிடிப்பு" என்ற சொல்லைப் பார்த்தால், அது நிறமாலையால் உறுதி செய்யப்பட்டதா என்று தேடுவது நல்ல பழக்கம்.

இயற்கை அளித்த வில்லை

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெரிய தடை எஞ்சுகிறது. பெருவெடிப்புக்குப் பின் 50 கோடி ஆண்டுகள் ஆனபோது இருந்த பேரடைகள் மிகச் சிறியவை. வெப் போன்ற தொலைநோக்கிக்கும் அவை பெரும்பாலும் சில புள்ளிகள் அளவே தெரியும். அதற்குள் சில ஒளியாண்டு அகலமே உள்ள கொத்தைத் தனியே பிரித்துக் காண்பது, நேரடியாகப் பார்த்தால் இயலாத காரியம்.

இங்கே கைகொடுப்பது ஈர்ப்பு வில்லை. கண்ணாடி டம்ளரின் தடித்த அடிப்பாகத்தின் வழியே தூரத்து விளக்கைப் பார்த்தால், சுடர் வளைந்து, நீண்டு, சில வேளை இரண்டாகவும் தெரியும். நிறை மிகுந்த பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையே வளைப்பதால், அதன் அருகே செல்லும் ஒளியும் வளைகிறது என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு. 1919 இல் சூரிய கிரகணத்தின்போது இது அளந்து காட்டப்பட்டது. பேரடைகளே இப்படி வில்லையாகச் செயல்படக்கூடும் என்று 1937 இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி எழுதினார். அத்தகைய வில்லையால் இரட்டையாகத் தெரியும் முதல் பொருள் 1979 இல் கண்டறியப்பட்டது.

நூற்றுக்கணக்கான பேரடைகள் ஈர்ப்பால் சேர்ந்த பேரடைத் தொகுதி ஒன்று நமக்கும் தொலைதூரப் பேரடைக்கும் நடுவே நேர்கோட்டில் அமைந்தால், பின்னாலுள்ள பேரடையின் உருவம் அம்பெய்யும் வில் போல வளைந்து நீண்டு, பிரகாசமாகத் தெரியும். வில்லை புதிய எதையும் சேர்ப்பதில்லை. இருப்பதைப் பெரிதாக்குகிறது, அதே சமயம் கோணலாக்குகிறது. அந்தக் கோணலை நேராக்க, முன்னாலுள்ள தொகுதியில் நிறை எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு வேண்டும். அதனால் "கொத்தின் அகலம் இவ்வளவு" என்று சொல்லப்படும் எந்த எண்ணுக்குள்ளும் அந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

கொத்து பிறப்பதும் பிழைப்பதும்

இனி மையக் கேள்விக்கு வரலாம். குளிர்ந்த வாயு முகில் தன் சொந்த ஈர்ப்பால் சுருங்கும்போது, பல இடங்களில் கட்டி கட்டியாகத் திரண்டு விண்மீன்கள் உருவாகின்றன. அவை பிறந்தவுடனே, தம்மைச் சூழ்ந்துள்ள மீதி வாயுவைக் கதிர்வீச்சாலும், காற்று போன்ற துகள் வீச்சாலும், பின்னர் மீயொளிர் விண்மீன் வெடிப்புகளாலும் விரட்டத் தொடங்குகின்றன. பெரிய திரியிட்ட விளக்கு எண்ணெயை விரைவில் குடித்துவிடுவதைப் போல, மிகப் பெரிய விண்மீன்கள் தம் எரிபொருளை 30, 40 லட்சம் ஆண்டுகளிலேயே தீர்த்து வெடித்துவிடும். சூரியனைப் போன்றவை 1000 கோடி ஆண்டுகள் எரியும்.

வாயு வெளியேறுவதில்தான் கொத்தின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. கீரைக்கட்டைச் சேர்த்துப் பிடித்திருப்பது அதைச் சுற்றிய நார். இளங்கொத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஈர்ப்பில் பெரும்பகுதி, இன்னும் விண்மீனாக மாறாத வாயுவிலிருந்தே வருகிறது. முகிலில் சிறு பங்கு மட்டும் விண்மீன்களாகி, மீதி அனைத்தும் அடித்துச் செல்லப்பட்டால், நார் அறுந்த கட்டைப் போல விண்மீன்கள் சிதறும். இன்றைய பால்வெளியில் பெரும்பாலான கொத்துகளுக்கு நேர்வது இதுவே. மாறாக, முகில் மிக அடர்த்தியாக இருந்தால், அது மிக வேகமாகச் சுருங்கி, வெடிப்புகள் தொடங்கும் முன்பே வாயுவில் பெரும்பங்கு விண்மீன்களாகிவிடும். அப்போது நார் தேவையில்லை. விண்மீன்களின் ஈர்ப்பே அவற்றைக் கட்டிவைக்கும். இப்படித் தன் ஈர்ப்பாலேயே நிற்கும் கொத்தைப் பிணைந்த கொத்து என்பர்.

தொடக்ககாலப் பேரடைகள் சிறியவை, ஆனால் வாயு மிகுந்தவை, நெருக்கமானவை. எனவே பிணைந்த கொத்துகள் பிறக்க அவையே தகுந்த இடம் என்று கோட்பாட்டாளர்கள் எதிர்பார்த்திருந்தனர். கண்ணால் கண்ட சான்றுதான் இல்லாமல் இருந்தது.

ஐந்து மணிகள்

அச்சான்று 2024 இல் வந்தது. எஸ்பிடி-சிஎல் ஜே0615−5746 என்ற பேரடைத் தொகுதியின் பின்னால், வில்லாக வளைந்து தெரியும் ஒரு பேரடையை ஹபிள் தொலைநோக்கி முன்பே படம் பிடித்திருந்தது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா அடாமோ தலைமையிலான குழு அதை வெப் தொலைநோக்கியால் பார்த்தபோது, அந்த வில்லில் கோத்த மணிகளைப் போல ஐந்து ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. அதனால் அதற்குக் காஸ்மிக் ஜெம்ஸ், அதாவது அண்டத்து மணிகள், என்று பெயர் வைத்தனர். வில்லின் ஒரு பாதியிலுள்ள புள்ளிகள் மறுபாதியில் ஆடிப் பிம்பம் போலத் திரும்பத் தெரிவது, இது வில்லையின் விளைவே என்பதைக் காட்டுகிறது.

பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் ஆனபோது இருந்த பேரடை அது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு விண்மீன் கொத்து; ஆரம் சுமார் 3 ஒளியாண்டுகள், நிறை ஏறத்தாழ 10 லட்சம் சூரியன்கள், வயது 5 கோடி ஆண்டுகளுக்கும் குறைவு. நம் காலத்து வழக்கமான இளங்கொத்துகளைவிட இவை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அடர்த்தியானவை. அப்பேரடையின் புற ஊதா ஒளியில் பாதிக்கும் மேல் இந்த ஐந்து கொத்துகளிலிருந்தே வருகிறது. ஐந்தே தெருக்கள் முழு நகரத்துக்கும் வெளிச்சம் தருவதைப் போன்ற நிலை இது. இன்றைய பால்வெளியில் இதைக் கற்பனை செய்வதே கடினம்.

அவை பிணைந்த கொத்துகள் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்த இடத்தில்தான் ஆய்வின் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. திரையரங்கில் படம் முடிந்து வெளியே வரும் கூட்டம், தனித்தனி ஆட்களால் ஆனதென்றால், பத்து நிமிடத்தில் வாசல் வெறிச்சோடிவிடும். இரண்டு மணி நேரம் கழித்தும் அதே கூட்டம் அங்கேயே நின்றால், அவர்களை ஏதோ ஒன்று சேர்த்து வைத்திருக்கிறது என்று பொருள். அவ்வளவு சிறிய, அவ்வளவு நிறைமிக்க கொத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு விண்மீன் செல்ல ஒரு லட்சம் ஆண்டுகூடத் தேவையில்லை. கொத்துகளின் வயதோ பல பத்து லட்சம் ஆண்டுகள். சிதறுவதற்கு வேண்டிய நேரத்தைப் போல் பல மடங்கு கடந்த பின்னும் அவை சேர்ந்தே இருக்கின்றன.

அதே 2024 இன் இறுதியில், லாமியா மவுலா, கார்த்திக் ஐயர் ஆகியோர் முன்னின்ற குழு, பெருவெடிப்புக்குப் பின் 60 கோடி ஆண்டுகள் ஆனபோது இருந்த மற்றொரு பேரடையில் பத்துக் கொத்துகளைக் கண்டதாக அறிவித்தது. மின்மினிக் கூட்டத்தைப் போலத் தெரிந்ததால் அதற்கு ஃபயர்ஃபிளை ஸ்பார்க்கிள் என்று பெயர். அதன் நிறை, அந்த வயதில் நம் பால்வெளி இருந்திருக்கக்கூடிய நிறைக்கு நெருக்கமானது என்று கணிக்கின்றனர்.

நடுவயதுச் சாட்சி

பிறந்த குழந்தைகளையும் 1200 கோடி வயது முதியவரையும் பார்த்துவிட்டோம்; நடுவில் ஒருவர் வேண்டும். வெப்பின் முதல் ஆழ்வெளிப் படத்திலேயே, 2022 ஜூலையில், அவர் அகப்பட்டார். எஸ்மேக்ஸ் 0723 என்ற தொகுதியின் பின்னால், ஏறத்தாழ 900 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒளி புறப்பட்ட பேரடை ஒன்று, தன்னைச் சுற்றிலும் சிவந்த பொறிகளுடன் தெரிந்தது. அதற்கு ஸ்பார்க்லர் என்று பெயரிட்டனர். தீபாவளிக்கு நாம் கொளுத்தும் கம்பி மத்தாப்புதான் ஸ்பார்க்லர், பெயர் மிகப் பொருத்தம். அப்பொறிகளில் சில, புது விண்மீன் பிறப்பின் அடையாளமின்றி, அப்போதே முதிர்ந்த கொத்துகளாக இருந்தன. பேரண்டத்தின் வயது அன்று 500 கோடி ஆண்டுகூட ஆகவில்லை. எனவே அவை மிகத் தொடக்கத்திலேயே பிறந்திருக்க வேண்டும்.

ஆக, கையிலிருப்பவை மூன்று காலச் சான்றுகள்: அடர்ந்து பிறக்கும் கொத்துகள், முதிர்ந்துவரும் கொத்துகள், கேட்டைக்கு அருகே இன்றும் எஞ்சியிருக்கும் எம்4 போன்றவை. மூன்றும் ஒரே பொருளின் மூன்று படங்கள் அல்ல. ஒரே வகையின் மூன்று பருவங்கள் என்பது வலுவான ஊகம். மணிகள் ஐந்தும் கோளக் கொத்துகளாக மாறின என்று எழுதினால் அது கண்டதற்கு மேல் சொல்வதாகும். மாறக்கூடிய தகுதி அவற்றுக்கு இருக்கிறது என்பதே சரி.

பெருவெடிப்புக் கோட்பாடு பொய்த்துவிட்டதா?

இல்லை. எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான பேரடைகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தொடக்கக் காலத்தில் தென்பட்டது உண்மை. பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே இருந்த பேரடைகளும் நிறமாலையால் உறுதியாகியுள்ளன. இது முதல் விண்மீன்கள் எவ்வளவு வேகமாகவும் திறமையாகவும் உருவாயின என்ற கணக்கைத் திருத்தச் சொல்கிறது. பேரண்டம் விரிவடைவதையோ, அது தொடக்கத்தில் சூடாகவும் நெருக்கமாகவும் இருந்ததையோ மறுக்கவில்லை. வாயுவில் பெரும்பங்கு அடர்ந்த கொத்துகளாகவே சட்டென்று திரண்டிருந்தால், அப்பேரடைகள் ஏன் அவ்வளவு பிரகாசமாக இருந்தன என்பதற்கும் அது ஒரு பகுதி விளக்கமாகலாம்.

பிறந்த எல்லாக் கொத்துகளும் பிழைத்திருக்கவில்லை. பேரடையின் மையத்துக்கு அருகே செல்லும்போதெல்லாம் அதன் ஈர்ப்பு கொத்தின் ஓரத்து விண்மீன்களைப் பிய்த்தெடுக்கிறது. கொத்துக்குள் நடக்கும் நெருக்கமான சந்திப்புகளும் சிலவற்றை வெளியே எறிகின்றன. இன்று பால்வெளியின் புறப்பகுதியில் தனித்துத் திரியும் முதிய விண்மீன்களில் சில, இப்படிக் கலைந்துபோன கொத்துகளின் பிள்ளைகள். பிறந்தவற்றில் எத்தனை பங்கு பிழைத்தது என்பதை அறிய, வில்லையின் உதவியால் தெரியும் இன்னும் பல பேரடைகள் தேவை. இதுவரை கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. சிலி நாட்டின் அர்மசோனஸ் மலையில் 39 மீட்டர் ஆடியுடன் கட்டப்பட்டுவரும் தொலைநோக்கி, வெப்பைவிட நுணுக்கமாகப் பிரித்துக் காணும் திறனுடையது. இத்தகைய வில்களைக் கண்டால், மணிகளுக்கு இடையே இன்று மங்கலாகத் தெரியும் பகுதிகளில் சிறு கொத்துகளும் இருக்கின்றனவா என்று அதனால் தேட முடியும்.